விழுப்புரமா, திண்டிவனமா: எந்த ஊரில் அறை எடுப்பது?

போன சித்திரையில் என் சித்தி மகன் போனில் கேட்டான். "அண்ணே, நாங்க நாலு பேரு, மூணு நாள் லீவு. பாண்டியில சனிக்கிழமை ரூம் வாடகையைக் கேட்டாலே தலை சுத்துது. விழுப்புரத்துல தங்கிக்கிட்டு சுத்தலாமா, இல்ல திண்டிவனமா?"

நல்ல கேள்வி. நியூயார்க்கைப் பார்க்கப் போகும் நம்மவர்கள் ஆற்றுக்கு இந்தப் பக்கம் நியூஜெர்சியில் தங்கி, காலையில் ரயிலேறிப் போய் இரவு திரும்புகிறார்கள். பாண்டிச்சேரிக்கும் செஞ்சிக்கும் அதே வழிதான். பார்க்கிற ஊர் ஒன்று, படுக்கிற ஊர் ஒன்று. அப்படிப் படுக்க இரண்டு ஊர்கள் இருக்கும்போது எதை எடுப்பது என்பதுதான் கணக்கு.

முதலில் தூரத்தைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் பெரும்பாலோர் அங்கேதான் தொடங்குகிறார்கள். சென்னையிலிருந்து திண்டிவனம் சுமார் 120 கிலோமீட்டர், விழுப்புரம் சுமார் 160. இரண்டு ஊர்களுக்கும் இடையே 40-ஐ ஒட்டி. இரண்டில் எங்கிருந்து புறப்பட்டாலும் பாண்டிக்கும் அதே 40-ஐ ஒட்டித்தான். வரைபடத்தில் மூன்று புள்ளிகளையும் இணைத்தால் கிட்டத்தட்ட சமபக்க முக்கோணம் வரும். ஆகவே பாண்டியை மட்டும் நினைத்து ஊரைத் தேர்ந்தெடுக்க முடியாது. முக்கோணத்துக்கு வெளியே எந்தப் பக்கம் போகப்போகிறீர்கள் என்பதுதான் தீர்மானிக்கும்.

இரண்டாவது, நீங்கள் ரயில்காரரா, பஸ்காரரா என்பது. விழுப்புரம் சந்திப்பிலிருந்து ஐந்து பக்கமும் தண்டவாளம் பிரிகிறது: சென்னைக்கு, விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்கு, கடலூர் வழியாக மயிலாடுதுறைக்கு, பாண்டிக்கு, திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிக்கு. பாண்டிப் பாதை 1879-இல் போட்டது, பிரெஞ்சுக்காரர் காலத்து இணைப்பு. இன்றும் பாசஞ்சர் வண்டியில் ஏறி உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்துக்குள் கடற்கரை ஊரில் இறங்கலாம். பஸ் கட்டணத்தோடு ஒப்பிட்டால் பாசஞ்சர் கட்டணம் மிகக் குறைவு. நாலு பேர் போய்வரும்போது அந்த வித்தியாசமே ஒரு வேளை சாப்பாட்டுக்குக் காணும்.

திண்டிவனத்துக்கு இருப்பது ஒரே பாதை. எல்லா விரைவு வண்டிகளும் அங்கே நிற்பதில்லை. ஆனால் சாலை என்று வந்தால் திண்டிவனம் சளைத்த ஊர் அல்ல. சென்னை–திருச்சி நெடுஞ்சாலையும் பாண்டி–கிருஷ்ணகிரி சாலையும் அங்கேதான் சந்திக்கின்றன. வந்தவாசிக்கு ஒரு கிளை, மரக்காணத்துக்கு ஒரு கிளை. செஞ்சி வெறும் 28 கிலோமீட்டர். விழுப்புரத்திலிருந்து அதே செஞ்சி பத்து கிலோமீட்டர் கூடுதல். செஞ்சிக்கு ரயிலே கிடையாது. திண்டிவனம்–செஞ்சி–திருவண்ணாமலை ரயில் பாதை என்பது இந்தப் பகுதி மக்கள் பல ஆண்டுகளாகக் காத்திருக்கும் திட்டம்.

செஞ்சியைப் பற்றி நின்று பேச வேண்டும், ஏனென்றால் இந்தப் பயணத்தின் உச்சம் அதுதான் என்பது என் எண்ணம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ 'மராத்தியர் இராணுவ நிலப்பரப்புகள்' என்ற பெயரில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், மிச்சம் ஒன்று செஞ்சி. மராத்தியரோடு இந்த ஊருக்கு என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்கு: 1677-இல் சிவாஜி இதைப் பிடித்தார். அவர் மகன் ராஜாராம் 1690 முதல் 1698 வரை இங்கே இருந்தபடிதான் முகலாயப் படையைத் தாக்குப்பிடித்தார். எட்டு ஆண்டு முற்றுகை. ராஜகிரி மேலே ஏறி நின்று சுற்றிலும் பார்த்தால், எட்டு ஆண்டு எப்படி முடிந்தது என்று யாரும் விளக்கத் தேவையிருக்காது. சுமார் 800 அடி உயரம், செங்குத்தான பாறை, உச்சிக்குப் போகும் வழியில் ஒரு பிளவு, அதன் மேல் ஒரு பாலம். அந்தப் பாலத்தை எடுத்துவிட்டால் மேலே ஏற வழியில்லை. நம் ஊர்க் கூத்திலும் கதைப்பாட்டிலும் வாழும் ராஜா தேசிங்கு 1714-இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி விழுந்தது இந்த மண்ணில்தான்.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகளையும் மதில் ஒன்றாக வளைத்திருக்கிறது. ஒரே நாளில் மூன்றும் ஏறுகிறேன் என்று கிளம்பாதீர்கள். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு ராஜகிரியும், அடிவாரத்தில் இருக்கும் கல்யாண மகாலும் களஞ்சியங்களும் போதும். காலை வெயில் ஏறுமுன் ஏறத் தொடங்க வேண்டும். பிற்பகலில் ஒரு நேரத்துக்குப் பிறகு மேலே ஏற விடுவதில்லை. தண்ணீரை ஆளுக்கு ஒன்றரை லிட்டராவது கையோடு கொண்டுபோக வேண்டும். தின்பண்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தால் குரங்கு பிடுங்கிவிடும்.

இங்கேதான் அறை எங்கே என்பது பணமாக மாறுகிறது. திண்டிவனத்தில் தங்கியிருந்தால் காலை ஆறு மணிக்குத் திருவண்ணாமலை பஸ்ஸில் ஏறி, டிபனைச் செஞ்சியில் முடித்து, வெயிலுக்கு முன்னால் படி ஏறிவிடலாம். கோட்டை செஞ்சி பஸ் நிலையத்திலிருந்து திருவண்ணாமலை சாலையில் சற்றுத் தள்ளி இருக்கிறது. கோட்டைப் பக்கம் நிறுத்த முடியுமா என்று நடத்துநரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். நிறுத்தினால் ஒரு ஆட்டோ மிச்சம். செலவுக் கணக்குப் போடுகிறவர்கள் அறை வாடகையையும் பஸ் டிக்கெட்டையும் எழுதுகிறார்கள். பையை ஓட்டை போடுவதோ பஸ் நிற்கிற இடத்துக்கும் பார்க்கிற இடத்துக்கும் நடுவில் இருக்கும் அந்த இரண்டு மூன்று கிலோமீட்டர்.

இதையே திருப்பிப் போட்டால் விழுப்புரத்தின் பக்கம் தெரியும். விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் சாலையில் மண்டகப்பட்டு இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த குகைக்கோயில். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பும் இல்லாமல் மும்மூர்த்திகளுக்கு இந்தக் கோயிலை எடுத்தேன் என்று அவன் வெட்டிவைத்த வடமொழிக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. தமிழ்நாட்டில் கல்லில் கோயில் என்ற பேச்சு தொடங்கும் இடங்களில் ஒன்று. பார்க்கச் சின்ன இடம். வாசலில் இரண்டு துவாரபாலகர்கள், உள்ளே மூன்று வெற்று அறைகள். அரை மணியில் பார்த்து முடித்துவிடலாம், ஆனால் மாமல்லபுரத்தை அடுத்த முறை பார்க்கும்போது வேறு கண்ணோடு பார்ப்பீர்கள்.

அதே சுற்றில் தளவானூர் குகைக்கோயில், அதுவும் மகேந்திரவர்மனுடையது. அன்னியூர் பக்கம் பனமலை. ஏரிக்கரையில் ஒரு குன்று, குன்றின் மேல் ராஜசிம்ம பல்லவன் கட்டிய தாளகிரீசுவரர் கோயில். அதன் ஒரு சிற்றறைச் சுவரில் பார்வதியின் ஓவியம் இருக்கிறது, 1300 ஆண்டுப் பழசு. பாதி அழிந்துபோனாலும் முகத்தின் சாயலும் தலைக்கு மேல் குடையும் இன்னும் தெரிகின்றன. இந்த மூன்று இடங்களுக்கும் பஸ் உண்டு, ஆனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பஸ்ஸை நம்பிப் போனால் நாள் போய்விடும். நாலு பேர் இருந்தால் விழுப்புரத்திலேயே ஒரு ஆட்டோ பேசி, காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து ஒரே தொகையாக முடித்துக்கொள்ளுங்கள். தனியாகப் போகிறவர்கள் மண்டகப்பட்டோடு நிறுத்திக்கொள்ளலாம். பனமலையை விடுவது எனக்கே மனசு வராத யோசனைதான், ஆனால் செலவு என்று வந்தால் அப்படித்தான்.

விழுப்புரத்திலிருந்து காட்பாடிப் பாதையில் ரயிலேறினால் திருக்கோவிலூர். நாளுக்குச் சில வண்டிகள்தான், நேரம் பார்த்துப் போக வேண்டும். ரயில் நிலையம் ஊருக்குள் இல்லை, தென்பெண்ணைக்கு வடகரையில் அரகண்டநல்லூரில் இருக்கிறது. அதை ஒரு குறையாக நினைக்காதீர்கள். அரகண்டநல்லூர்ப் பாறைமேல் இருக்கும் சிவன் கோயிலிலிருந்து ஆற்றையும், ஆற்றுக்கு நடுவே பாரி போன துக்கத்தில் கபிலர் உயிர்விட்டதாகச் சொல்லும் கபிலர் குன்றையும் பார்த்துவிட்டு, பாலத்தைக் கடந்து உலகளந்த பெருமாள் கோயிலுக்குப் போகலாம்.

திண்டிவனத்துக்குக் கிழக்கே வேறு உலகம். மரக்காணத்து உப்பளங்கள் கோடையில் கண் கூசும்படி வெளுத்துக் கிடக்கும். பக்கத்தில் கழுவேலி, 2024-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த ஈரநிலம். பறவை பார்க்க வேண்டுமானால் தை, மாசியில் போங்கள். மேற்கே மேல்சித்தாமூர், தமிழ்ச் சமணர்களின் மடம் இருக்கும் ஊர். செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்று. ஒரே பாறையில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்கள், அதோடு 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி என்ற ஆசிரியரின் பழங்கல்வெட்டு. 'ஐ' என்ற எழுத்து முதன்முதலாகக் கிடைத்த கல்வெட்டாக இதைச் சொல்கிறார்கள். செஞ்சிக்குப் போகிற அன்றே இதையும் சேர்த்துக்கொள்ள முடியும்.

இரண்டு ஊருக்கும் பொதுவானது மயிலமும் திருவக்கரையும். நெடுஞ்சாலையில் கூட்டேரிப்பட்டில் இறங்கினால் மயிலம் முருகன் மலை பக்கம். அங்கிருந்து பாண்டி போகும் வழியில் திருவக்கரை. வக்ரகாளியம்மன் கோயிலுக்கு எல்லோரும் போகிறார்கள், பக்கத்தில் இருக்கும் கல்மரப் பூங்காவைப் பலர் எட்டிப் பார்ப்பதில்லை. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் மண்ணுக்குள் புதைந்த மரங்கள் கல்லாகிப் படுத்திருக்கின்றன. 1781-இல் சொன்னரா என்ற பிரெஞ்சுக்காரர் இதை முதலில் எழுதிவைத்தார். இப்போது இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பொறுப்பு. கட்டையின் வளையங்கள் கல்லிலும் அப்படியே தெரியும். பிள்ளைகள் தொட்டுப் பார்த்துவிட்டு "இது மரமா, கல்லா?" என்று கேட்பார்கள். ஒரு துண்டைக்கூட எடுத்து வரக்கூடாது என்பதையும் அங்கேயே சொல்லிக்கொடுங்கள்.

நாள் பார்க்க வேண்டும். இதை நான் முதல் முறை பார்க்கவில்லை, அமாவாசையன்று செஞ்சியிலிருந்து திரும்ப இரண்டு மணி நேரம் நின்றேன். அமாவாசை என்றால் மேல்மலையனூர் அங்காளம்மன் ஊஞ்சல், செஞ்சி வழிப் பஸ் எல்லாம் நிரம்பி வழியும். பௌர்ணமி என்றால் திருவண்ணாமலை கிரிவலம், திருவக்கரையிலும் கூட்டம். இரண்டுக்கும் நடுவில் விழும் வாரத்தைப் பிடியுங்கள். சித்ரா பௌர்ணமியை ஒட்டிக் கூவாகம் திருவிழா. நாடெங்குமிருந்து வரும் திருநங்கைகள் விழுப்புரத்தில்தான் தங்குவார்கள், லாட்ஜில் இடம் கிடைக்காது. முகூர்த்த நாள் இரண்டு ஊரிலும் அதே நிலை. கார்த்திகை மழையை நான் தவிர்ப்பேன். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது மயிலத்தில் ஒரே நாளில் அரை மீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ரயிலே நின்றுபோனது.

சாப்பாட்டுக்கு ஒரு வார்த்தை. நெடுஞ்சாலை உணவகங்களில் பஸ் நிற்கும்போது இறங்காதீர்கள், ஊருக்குள் போய்ச் சாப்பிடுங்கள். பஸ் நிலையத்தைச் சுற்றி இட்லி, பரோட்டா, கலந்த சாதம் எல்லாம் நியாய விலையில் கிடைக்கும். அவித்த மல்லாட்டை வாங்கிக்கொள்ளுங்கள். வேர்க்கடலைக்கு இந்தப் பக்கத்துப் பெயர் அது. நாடெங்கும் விதைத்த டி.எம்.வி. ரகக் கடலைகளின் பெயர் திண்டிவனத்திலிருந்து வந்தது, இங்கே உள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவானவை. மாசியிலிருந்து திண்டிவனம் சாலையோரம் தர்பூசணிக் குவியல், சித்திரையில் செஞ்சிச் சாலையில் நுங்கு.

பெண்கள் உள்ள குடும்பம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2021 மே முதல் சாதாரண கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை. சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு இது பெரிய மிச்சம். செஞ்சி, பாண்டி போகும் புறநகர் பஸ்ஸுக்கு இது பொருந்தாது.

அப்படியானால் எந்த ஊர்? சித்தி மகனுக்கு நான் விழுப்புரம் என்று சொன்னேன். அவனுக்கு மூன்று நாள், கூடவே வயதான அம்மா. ரயிலில் பாண்டி ஒரு நாள், மண்டகப்பட்டும் பனமலையும் ஆட்டோவில் அரை நாள், திருக்கோவிலூர் ஒரு நாள். மலை ஏறும் வேலை குறைவு, உட்கார்ந்து போகும் வசதி அதிகம். அவன் தனியாகவோ நண்பர்களோடோ ஓர் இரவுக்கு மட்டும் வந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு திண்டிவனம் என்றிருப்பேன்: முதல் நாள் மயிலமும் திருவக்கரையும், மறுநாள் விடியலில் செஞ்சி.

ஊர் திரும்புவதையும் யோசித்துக்கொள்ளுங்கள். ஞாயிறு மாலை தென்மாவட்டத்திலிருந்து சென்னைக்கு வரும் பஸ்கள் திண்டிவனத்தை எட்டும்போதே நிறைந்திருக்கும், பல பஸ்கள் ஊருக்குள் வராமல் பைபாஸிலேயே போய்விடும். திண்டிவனத்தில் தங்கியவர்கள் பிற்பகல் மூன்று மணிக்குள் கிளம்பிவிடுவது நல்லது. விழுப்புரத்தில் தங்கியவர்கள், அங்கிருந்தே புறப்படும் வண்டி எது என்று முதல் நாளே நிலையத்தில் விசாரித்து வைத்துக்கொண்டால் உட்கார இடம் கிடைக்கும்.