முதல் சவரத்திற்கான சோப்பைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

முதன்முதலாக முகச்சவரம் செய்யத் தொடங்கும் இளைஞர்கள் பெரும்பாலும் ரேசரைப் பற்றியே யோசிக்கின்றனர். சோப்பைப் பற்றி யோசிப்பவர் குறைவு. குளியலறையில் கிடக்கும் சோப்போ, தந்தை பயன்படுத்தும் கிரீமோ, எது கைக்குக் கிடைக்கிறதோ அதுவே முதல் சோப்பாக அமைந்துவிடுகிறது. ஆனால், சவரத்திற்குப் பிறகு தோல் பாதிப்புடன் எங்கள் புறநோயாளிகள் பிரிவுக்கு வருபவர்களை விசாரிக்கும்போது, தொல்லை பல நேரங்களில் சோப்பிலோ அதைப் பயன்படுத்திய முறையிலோ தொடங்கியிருப்பதைக் காண்கிறேன்.

கல்லூரியில் முதலாம் ஆண்டு பயிலும் மாணவர் ஒருவர் கழுத்து முழுவதும் கருந்திட்டுகளுடன் வந்தார். அவர் பயன்படுத்திய கிரீமில் புதினா உப்பு எனப்படும் மெந்தால் மிகுதியாக இருந்தது. தடவியவுடன் எரிந்தது. எரிந்தால்தான் நன்றாக வேலை செய்கிறது என்று எண்ணி மூன்று வாரங்கள் தொடர்ந்திருக்கிறார். தோல் சிவந்து தடித்தபோது, மருத்துவரைப் பாராமல் மருந்துக்கடையில் ஸ்டீராய்டு கலந்த களிம்பு ஒன்றை வாங்கிப் பூசினார். இரண்டே நாளில் சிவப்பு மறைந்தது. களிம்பை நிறுத்தியதும் முன்னைவிட அதிகமாகத் திரும்பியது. மீண்டும் பூசினார். இப்படி இரண்டு மாதங்கள் சென்றபின், முகத்தில் பருக்களும் மெலிந்த தோலும் மிஞ்சின. அவர் முழுமையாகத் தேற ஆறு மாதங்களுக்கு மேல் ஆயிற்று. தொடக்கத்தில் வேறொரு சோப்பை வாங்கியிருந்தால் இவை எதுவும் நேர்ந்திருக்காது.

நம்மைப் போன்ற மாநிறத் தோலில், சிறிய அழற்சிகூட ஆறிய பிறகு கருமையான தடத்தை விட்டுச் செல்லக்கூடும். அத்தடம் மறையப் பல மாதங்கள் ஆகலாம். முதல் சோப்பைக் கவனமாகத் தேர்ந்தெடுக்கச் சொல்வதற்கு முதன்மையான காரணம் இதுவே.

சவர சோப்பு என்ன செய்கிறது?

முடியை மென்மையாக்குவது உண்மையில் தண்ணீர்தான். தாடி முடி இரண்டு மூன்று நிமிடங்கள் நனைந்திருந்தால் நீரை உறிஞ்சி இளகிவிடும்; அதன்பின் பிளேடு அதனை எளிதாக அறுக்கும். முடியின் மேலுள்ள எண்ணெய்ப் பசையை நீக்கி நீர் உட்புக வழிசெய்வதும், அந்த ஈரம் உலராமல் பிடித்துவைப்பதும், பிளேடுக்கும் தோலுக்கும் நடுவே வழுவழுப்பான படலமாக நிற்பதும் சோப்பின் பணிகள்.

குளியல் சோப்பு இப்பணிக்குப் பொருந்துவதில்லை. அதன் நுரை பெரிய குமிழ்களால் ஆனது. விரைவில் உடைந்து காய்ந்துவிடும். சவர சோப்பில் ஸ்டியரிக் அமிலம் மிகுதி. அதனுடன் சோடியம் காரம் மட்டுமின்றிப் பொட்டாசியம் காரமும் சேர்க்கப்படுவதால் சோப்பு எளிதில் கரைந்து, வெண்ணெய் போன்ற நெருக்கமான நுரையைத் தருகிறது. அதிலுள்ள கிளிசரின் அந்நுரையை ஈரமாக வைத்திருக்கிறது. அவசரத்திற்கு ஒருமுறை குளியல் சோப்பைப் பயன்படுத்துவதால் பெரிய தீங்கு ஏதுமில்லை. அதையே வழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம்.

ஒன்றை அறிந்துகொள்க. நம் தோலின் மேற்பரப்பு சற்றே அமிலத்தன்மை உடையது; அதன் பி.எச். அளவு ஏறத்தாழ 5. சோப்பு எதுவாயினும் காரத்தன்மை உடையது. அளவு 9 முதல் 10 வரை. ஆகவே, எவ்வளவு நல்ல சோப்பும் தோலில் நீண்ட நேரம் இருப்பது நல்லதன்று. சவரம் முடிந்தவுடன் காதோரம், தாடையின் அடிப்பகுதி உட்பட நன்கு கழுவிவிட வேண்டும். காதோரத்தில் மட்டும் தோல் உரிவதாகச் சொல்லி வருபவர்கள் பலர் அங்கே நுரையைக் கழுவாமல் விட்டவர்கள்.

உங்கள் ஊர்த் தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள்

விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை. தமிழ்நாட்டின் பல பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீர் கடின நீராக உள்ளது. அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்புடன் சேர்ந்து, கரையாத வெண்ணிறக் கசடாக மாறுகின்றன. எவ்வளவு தேய்த்தாலும் நுரை வராது. வந்தாலும் முகத்தில் நிற்காது. சோப்பு சரியில்லை என்று எண்ணி அடுத்தடுத்து வேறு சோப்புகளை வாங்குவோர் உண்டு. குறை தண்ணீரில் இருக்கிறது.

மூடியுள்ள ஒரு பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் எடுத்து, சோப்பைச் சிறிது சுரண்டிப் போட்டு நன்கு குலுக்குங்கள். மேலே நுரை நிறைந்து, கீழே நீர் தெளிவாக இருந்தால் அது மென்னீர். எந்தச் சவர சோப்பும் பயன்படும். நுரை குறைந்து, நீர் பால்போலக் கலங்கித் திரிந்தால் கடின நீர். அவ்வாறாயின், நுரை எழுப்புவதற்கு மட்டும் ஒரு குவளை மழைநீரோ, சுத்திகரிக்கப்பட்ட குடிநீரோ எடுத்துக்கொண்டால் போதும். அதுவும் இயலாதவர்கள் டியூப் கிரீமையோ, டப்பாவிலிருந்து நுரையாகவே வெளிவரும் வகையையோ நாடலாம். அந்நுரைக்கு வேண்டிய நீர் ஏற்கெனவே அதில் கலந்திருக்கிறது. அழுத்தப்பட்ட வாயு அடங்கிய அந்த டப்பாவை அடுப்பருகிலோ வெயிலிலோ வைக்கக் கூடாது.

கட்டி சோப்பா, கிரீமா என்பது மற்றபடி வசதியைப் பொறுத்தது. தோல் எளிதில் அரிக்கும் இயல்புடையவர்களுக்குக் கட்டி சோப்பில் ஒரு சாதகம் உண்டு: அதில் நீர் குறைவாதலால் கெடாமல் காக்கும் வேதிப்பொருள்களும் குறைவாகவே தேவைப்படும். கிரீம்களிலும் திரவங்களிலும் சேர்க்கப்படும் மெத்தில் ஐசோதயசோலினோன் போன்ற பொருள்கள் சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்குகின்றன.

வாங்கும்போது

சவர சோப்பினால் ஒவ்வாமை ஏற்படும்போது முதலில் ஐயுற வேண்டியது நறுமணப் பொருளை. உறையில் 'ஃபிராக்ரன்ஸ்' அல்லது 'பர்ஃபம்' என்ற ஒரே சொல்லாக அது குறிக்கப்பட்டிருக்கும். அச்சொல்லுக்குள் பல வேதிப்பொருள்கள் அடங்கும். 'அன்சென்ட்டட்' என்று எழுதப்பட்டிருந்தால் மணப்பொருள் இல்லை என்று முடிவுசெய்துவிடாதீர்கள். வேறு வாடையை மறைப்பதற்காக அதிலும் மணப்பொருள் சேர்க்கப்பட்டிருக்கலாம். 'ஃபிராக்ரன்ஸ் ஃப்ரீ' என்ற குறிப்பே தேடத்தக்கது. அது கிடைக்காத ஊர்களில், மணம் மிகக் குறைவான ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள்.

மெந்தால், கற்பூரம் சேர்ந்த வகைகளைத் தொடக்கத்தில் தவிர்த்துவிடலாம். குளிர்ச்சியாகத் தோன்றுவது நரம்புகள் தூண்டப்படுவதால் எழும் உணர்வு. தோலுக்கு அதனால் பாதுகாப்பு ஏதும் கிடைப்பதில்லை. 'மூலிகை', 'இயற்கை' என்ற சொற்களையும் பாதுகாப்பிற்கான உறுதிமொழியாகக் கொள்ள வேண்டாம். எலுமிச்சை, லவங்கம் முதலியவற்றின் எண்ணெய்களும் ஒவ்வாமையைத் தரக்கூடியவை. 'கிருமிநாசினி' என்ற அடைமொழிக்காகக் கூடுதல் விலை கொடுப்பதும் வீண் செலவே.

தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும், தொகுதி எண், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற விவரம் ஆகியன உறையில் இருக்கின்றனவா எனப் பாருங்கள். 2020ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருட்கள் விதிகளின்படி இவை இடம்பெற வேண்டும். இவ்விவரம் ஏதுமின்றி விற்கப்படும் கையால் செய்த சோப்புகளில் காரம் மிகுந்திருக்க வாய்ப்புண்டு. அவற்றை முகத்தில் பயன்படுத்த வேண்டாம். முதன்முறை சிறிய அளவையே வாங்குங்கள்.

முகத்திற்கு முன் முழங்கை

புதிய சோப்பை நேரடியாக முகத்தில் போடாமல், முழங்கையின் உட்புற மடிப்பில் ஒரு நாணய அளவுக்கு அதன் நுரையைத் தடவி, 5 நிமிடம் விட்டுக் கழுவுங்கள். இதனை நாள்தோறும் இருமுறை, 7 நாட்கள் அதே இடத்தில் செய்ய வேண்டும். ஒவ்வாமை முதல் நாளிலேயே தெரிய வேண்டும் என்பதில்லை; உடல் ஒரு பொருளை அறிந்து எதிர்வினை காட்டச் சில நாட்கள் பிடிக்கும். சிவத்தல், அரிப்பு, தடிப்பு எதுவும் தோன்றாவிட்டால் முகத்திற்குப் பயன்படுத்தலாம். ஒரு வாரம் காத்திருக்கப் பொறுமையில்லை என்பவர்கள் மேலே சொன்ன மாணவரின் ஆறு மாதங்களை நினைத்துப் பார்க்கட்டும்.

குளித்து முடித்தவுடன் சவரம் செய்வது நல்லது. நுரையைத் தடவி ஒரு நிமிடமேனும் விட்டு, முடி வளரும் திசையிலேயே அழுத்தாமல் மழியுங்கள். இடையில் நுரை காய்ந்தால் மீண்டும் தடவாமல் பிளேடை வைக்கக் கூடாது. சுருள் முடி உடையவர்களுக்கு, மழித்த முடி வளைந்து தோலுக்குள்ளேயே வளர்ந்து பருப்போன்ற முடிச்சுகளை உண்டாக்கும். எந்தச் சோப்பும் அதனை முழுமையாகத் தடுக்காது. அத்தகையோர் ஒட்ட மழிக்காமல் டிரிம்மர் கொண்டு கத்தரித்துக்கொள்வதே மேல்.

தூரிகை பயன்படுத்துவோர் ஒவ்வொரு முறையும் அதை அலசி, உதறி, காற்றோட்டமான இடத்தில் உலரவிட வேண்டும். முதல் உலகப் போர்க் காலத்தில், கிருமிநீக்கம் செய்யப்படாத விலங்கு முடியாலான தூரிகைகள் வழியே படைவீரர்களுக்கு அடைப்பான் நோய் தொற்றியது மருத்துவ வரலாற்றில் பதிவாகியுள்ளது. இன்று அந்த அச்சம் பெரிதாக இல்லை. ஆயினும் ஈரமாகவே கிடக்கும் தூரிகையில் கிருமிகள் வளரும். தூரிகை, ரேசர், படிகாரக் கட்டி எதையும் விடுதி அறையில் நண்பர்களுடன் பகிர்ந்துகொள்ளாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத சிறு கீறலிலிருந்து வரும் இரத்தமே தொற்றுக்குப் போதுமானது. ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாட்கள் தொற்றும் திறனுடன் இருக்கக்கூடியது.

சவரத்திற்குப் பின் லேசான எரிச்சல் அரை மணி நேரத்தில் அடங்கிவிடுமானால் கவலை வேண்டாம். மறுநாளும் சிவப்பு நீடித்தாலோ, அரிப்பு இருந்தாலோ அந்தச் சோப்பை நிறுத்திவிட்டு, தோல் ஆறும்வரை சவரம் செய்யாதிருங்கள். சீழ்க்கொப்புளம், வட்டமாகப் பரவும் அரிப்புத் திட்டு, முகவீக்கம் ஆகியவற்றில் எது தோன்றினாலும் அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்லவும். செல்லும்போது, பயன்படுத்திய சோப்பின் உறையையும், ஏற்கெனவே ஏதேனும் களிம்பு பூசியிருந்தால் அதன் டியூபையும் மறவாமல் எடுத்துச் செல்லவும்.