செம்பாசியின் சர்க்கரைச் சரம்

பூந்தமல்லிக் கடைத்தெருவில் வெண்ணிற நார்போலக் கட்டுக் கட்டாக விற்கும் பொருளொன்றுண்டு. நோன்புக் காலத்தில் இஸ்லாமிய நண்பர் இல்லங்களில் அதனைப் பாலிலிட்டுக் காய்ச்சி, ஆறவைத்து, வில்லைகளாக அறுத்து நமக்கும் அளிப்பர். கடைக்காரர் அதனைச் சைனா கிராஸ் என்பர். அது புல்லுமன்று, சீனத்துக்கே உரியதுமன்று. கடலிற் பாறைகளைப் பற்றி வளரும் செம்பாசிகளினின்று எடுக்கப்படும் அகர் என்பதே அது. நம் மன்னார் வளைகுடாவிலும் அத்தகைய பாசிகள் உள. கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்துப் பாசி என இராமநாதபுரக் கரையோர மக்கள் வழங்கும் பெயர்கள், நூலோர் சூட்டிய இலத்தீன் பெயர்களினும் நமக்கு இனியவாகத் தோன்றுகின்றன.

நூறு பங்கு நீரை ஒன்றரைப் பங்கு அகர் கட்டி நிறுத்துவது எங்ஙனம்? அகரின் மூலக்கூறு, சர்க்கரை மணிகளைக் கோத்த நெடுஞ்சரமாகும். இருவகை மணிகள் மாறி மாறி வரும். ஒன்று, பாற்சர்க்கரையிலும் உள்ள காலக்டோஸ். மற்றொன்று அதன் இனமே. ஆயின் ஒரு நீர் மூலக்கூற்றை இழந்து உள்ளே முடிச்சிட்டுக்கொண்டது. வலக்கைக்கு இடக்கைபோல எதிர்வடிவம் உடையது. கொதிநீரிலே இச்சரங்கள் தனித்தனியே அலையும். ஆறுங்கால் இரண்டிரண்டாக முறுக்கிக்கொண்டு, முறுக்குகள் பல கூடி வலையாகும். நீர் அவ்வலைக் கண்களிற் சிறைப்படும். சில மணிகளில் முடிச்சு விழாமல் கந்தகக் கூறு ஒட்டியிருப்பின் அவ்விடத்தே சரம் கோணும், கட்டியும் தளரும். ஆகையினாற்றான் கஞ்சிப்பாசியை முதலிற் காரநீரில் வேகவைக்கின்றனர். கந்தகக் கூறு நீங்கி முடிச்சு விழுகின்றது.

அம்பத்தூரில் நம் இல்லத்தில் இதனைச் செய்துபார்த்தோம். கொதிக்கும்போதே எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்துவிட்டமையால் உறையவேயில்லை! சூட்டில் அமிலம் சரத்தைத் துண்டாடிவிடுமென்பதைப் பின்னரே அறிந்தோம்.

ஏறத்தாழ 40 பாகைக்குக் கீழ் உறையும் அகர், மீண்டும் உருகுதற்கு 85 பாகை வேண்டும். 1881இல் ஜெர்மனியில் வால்தர் ஹெஸ்ஸே என்பார் கிருமி வளர்க்கப் பயன்படுத்திய ஜெலட்டின் வெப்பத்தில் உருகிக்கொண்டிருந்தது. அவர் மனைவியார் பானி, தம் சமையலறையில் வழங்கிய அகரைப் பயன்படுத்தச் சொன்னார். இன்றும் ஆய்வுக்கூடங்களில் கிருமிகள் அதன்மீதே வளர்க்கப்படுகின்றன.

காரகீனன் அகரின் உடன்பிறப்பு, கந்தகம் மிகுந்தது. அதன் ஒருவகை பொட்டாசிய உப்புச் சேர்ந்தாற்றான் நன்கு கட்டிப்படும். அதனைத் தரும் காப்பாபைகஸ் என்னும் அயற்பாசியைப் பாக் நீரிணைக் கரையில் மகளிர் குழுக்கள் மூங்கில் மிதவைகளில் வளர்க்கின்றன. குருசடைத் தீவில் அது பவளங்களின்மேற் படர்ந்ததை ஆய்வாளர் 2008இல் எடுத்துரைத்தனர். தீவுகள் 21ஐயும் உள்ளடக்கிய கடற்பூங்கா 1986இல் அமைந்தமையால், அங்கு இயற்கைப் பாசி எடுப்பதும் தடைப்பட்டது. தடை வேண்டுவதே, எனினும் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கிப் பாறையில் மரிக்கொழுந்துப் பாசி பறித்துப் பிழைத்த பெண்டிருக்கு அத்தீவுகளே வயல்களாக இருந்தன.