பதற்ற நோய்க்கு ஸ்கேனும் காந்தமும் உதவுமா?

பதற்ற நோயால் வருந்துவோரின் குடும்பத்தினர் எம்மிடம் பெரும்பாலும் இரண்டு கேள்விகளைக் கேட்கின்றனர். மூளையை ஸ்கேன் எடுத்தால் நோய் தெரியுமா? காந்த சிகிச்சைக்கு வெளியூர் அழைத்துச் செல்ல வேண்டுமா? கடன் வாங்கியேனும் செய்துவிட வேண்டும் என எண்ணுவோரும் உளர். அவர்களுக்காகவே இவ்விளக்கம்.

இடர் வரும்போது அஞ்சுவது உயிரின் இயல்பு. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையையும் 2011ஆம் ஆண்டு ‘தானே’ புயலையும் கண்ட கடலூர்க் கரையோர மக்கள் இதனை நன்கறிவர். ஆனால் தக்க காரணமின்றி நெஞ்சு படபடத்து, உறக்கம் கெட்டு, அன்றாட வேலைகள் முடங்கும் அளவுக்கு அச்சம் நீடித்தால், அது சிகிச்சைக்குரிய நோயாகும்.

மூளையில் எப்பகுதி மும்முரமாக இயங்குகிறதோ, அங்கே குருதியோட்டம் மிகும். அதனைப் படமாக்கும் ஒருவகை எம்.ஆர்.ஐ. முறை 1990களில் ஆய்வுக்கு வந்தது. பாதாம் பருப்பின் வடிவிலுள்ள ‘அமிக்டலா’ என்னும் பகுதி ஆபத்தை உணர்ந்து உடலை உசுப்புகிறது. நெற்றிக்குப் பின்னுள்ள முன்மூளை அதனை அமைதிப்படுத்துகிறது. பதற்ற நோயாளர் பலரை ஆராய்ந்தபோது, இவ்விரண்டின் சமநிலை குலைந்திருப்பதைப் பல ஆய்வுகள் காட்டின. ஆகவே இந்நோய் கோழைத்தனமன்று, நடிப்புமன்று. எனினும் இவை பலரை ஒருங்கே ஆராய்ந்து பெற்ற முடிவுகள். தனியொருவரின் படத்தைப் பார்த்துப் பதற்ற நோயை உறுதிசெய்ய இயலாது. வேறு மூளை நோய் உண்டோ என்னும் ஐயம் எழுந்தால் மட்டுமே மருத்துவர் ஸ்கேன் எடுக்கச் சொல்வார்.

காந்தத் தூண்டல் முறையை 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஆன்டனி பார்க்கர் குழுவினர் உருவாக்கினர். தலைமேல் வைக்கப்படும் கம்பிச்சுருள் காந்தத் துடிப்புகளை எழுப்பி, மூளையின் குறிப்பிட்ட பகுதியைத் தூண்டுகிறது. அமெரிக்க அரசு இதனை 2008இல் மனச்சோர்வுக்கும், 2018இல் எண்ணச் சுழற்சி நோய்க்கும் ஏற்றது. இந்தியாவில் பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற நிறுவனங்களில் இது பயன்பாட்டில் உள்ளது. பதற்ற நோய்க்கு நம்பிக்கையூட்டும் முடிவுகள் சில கிடைத்துள்ளன. ஆயினும் இது இன்னும் முதல்நிலை சிகிச்சையன்று.

மக்கள் ‘கரண்ட் வைப்பது’ என்று அஞ்சும் சிகிச்சை வேறு, இது வேறு. இதற்கு மயக்க மருந்து தேவையில்லை. தலைவலி சிலருக்கு வரலாம். வலிப்பு மிக அரிது. தலைக்குள் உலோகக் கிளிப், செவிக்கருவி பொருத்தப்பட்டோரும், வலிப்பு நோய் உள்ளோரும் முன்னரே மருத்துவரிடம் தெரிவித்தல் வேண்டும்.

பேச்சுவழி உளச்சிகிச்சையும் முறையான மாத்திரைகளுமே இன்று நன்கு சோதிக்கப்பட்டவை. மாத்திரையின் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். இடையில் தாமாக நிறுத்தலாகாது. இவற்றைத் தொடங்க, சிதம்பரம், கடலூர் அரசு மருத்துவமனைகளின் மனநல மருத்துவரை அணுகலாம். 14416 என்னும் டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.

குடும்பத்தினர் “தைரியமாக இரு” என்று கடிந்துகொள்வதைவிட, உடன் வந்து மருத்துவரிடம் அமர்வதே பெருந்துணை.