மின்சுற்று சிமுலேஷனில் வெளியீட்டு வரைபடம் அமைத்தல்

வெளியீட்டு வரைபடம் என்பது, கணினியில் வரைந்த ஒரு மின்சுற்றை சிமுலேஷன் மென்பொருள் கணக்கிட்டு முடித்தபின் அதன் மின்னழுத்தங்களையும் மின்னோட்டங்களையும் கோடுகளாகக் காட்டும் படம் ஆகும். ஆய்வகத்தில் சி.ஆர்.ஓ. திரையில் காணும் அலைக்கு இது நிகரானது. ஆனால் சி.ஆர்.ஓ.வில் அலை கண்முன் ஓடிக்கொண்டே இருக்கும். சிமுலேஷனில் எந்தப் புள்ளி, எவ்வளவு நேரம், எத்தனை நெருக்கமான இடைவெளி, எந்த அளவுகோல் என்று நாம் கேட்டது மட்டுமே கிடைக்கும். கேட்காத இடத்தில் டையோடு கருகிப்போகும் நிலையில் இருந்தாலும், கேட்ட இடத்துக்கு அழகான படம் வந்துவிடும். இது எப்படி நேர்கிறது என்பதை ஓர் எளிய மின்வழங்கிச் சுற்றைக் கொண்டு கீழே காணலாம்.

பின்னணி

இன்று பயன்பாட்டில் உள்ள பெரும்பாலான மின்சுற்று சிமுலேஷன் மென்பொருள்களுக்கு மூலம் ஸ்பைஸ் என்னும் நிரல். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பெடர்சனின் வழிகாட்டுதலில் லாரன்ஸ் நேகல் எழுதிய இந்நிரல் 1973-இல் அறிமுகமானது. அக்காலத்தில் வரைபடம் காட்டத் திரை கிடையாது. வரி வரியாக அச்சிடும் பெரிய அச்சுப்பொறியில் நட்சத்திரக் குறிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக விழும். தாளைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்தால் அலை தெரியும். எத்தனை வினாடிக்கு ஒரு வரி அச்சிட வேண்டும் என்று பயனர் ஓர் இடைவெளியைக் கொடுப்பார். இன்றைய மென்பொருள்களில் 'ஸ்டெப் டைம்' என்ற பெயரில் நாம் நிரப்பும் கட்டம் அந்த அச்சு இடைவெளியின் வாரிசுதான். உள்ளே கணக்குப் போடும்போது நிரல் தனக்கு வேண்டிய இடைவெளியைத் தானே கூட்டியும் குறைத்தும் கொள்கிறது.

நம் நாட்டு மாணவர்களுக்குக் கட்டணமின்றிக் கிடைப்பது ஈசிம். மும்பை ஐ.ஐ.டி.யில் மத்திய கல்வி அமைச்சகத்தின் உதவியுடன் நடக்கும் ஃபாஸ்ஸி திட்டத்தின் ஆக்கம் இது. முன்பு ஆஸ்காட் என்று பெயர். இதில் சுற்றை வரைவது கீகேட், கணக்கிடுவது என்ஜிஸ்பைஸ், படம் போடுவது பைத்தான் மொழியில் எழுதிய ஒரு சாளரம். மூன்றும் தனித்தனி மென்பொருள்கள் என்பதை மாணவர் மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் குழப்பங்களில் பாதி குறையும். வேறு ஸ்பைஸ் வகை மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கும் இங்கே சொல்பவை பெரும்பாலும் பொருந்தும். பொத்தான்களின் பெயர்தான் மாறும்.

எடுத்துக்காட்டுச் சுற்று

தூத்துக்குடி திரேஸ்புரம் கரையிலிருந்து கடலுக்குச் செல்லும் நாட்டுப்படகுகளில் எக்கோ சவுண்டர் என்ற ஆழம் காட்டும் கருவி வைத்திருப்பவர்கள் உண்டு. படகில் அது 12 வோல்ட் பேட்டரியில் ஓடும். பழுது பார்க்கக் கரைக்குக் கொண்டுவந்தால் வீட்டு மின்சாரத்திலிருந்து அதற்கு 12 வோல்ட் நேர்திசை மின்சாரம் எடுத்துத் தர வேண்டும். எங்கள் தெரு பாலிடெக்னிக் மாணவர் ஒருவர் இதற்காகவே ஒரு மின்வழங்கி செய்யப் புறப்பட்டு, முதலில் ஈசிமில் வரைந்து பார்த்துவிட்டு, படத்தை என்னிடம் காட்ட வந்தார்.

சுற்று பாடப்புத்தகத்தில் உள்ளதுதான். மின்மாற்றியின் 12 வோல்ட் துணைச்சுற்று, 1என்4007 வகை டையோடுகள் நான்கு சேர்ந்த பிரிட்ஜ் அலைதிருத்தி, 1000 மைக்ரோஃபேரட் மின்தேக்கி. அதன்பின் 7812 ரெகுலேட்டர் வரும். சிமுலேஷனில் அதற்குப் பதிலாக 100 ஓம் மின்தடையைச் சுமையாக வைத்திருந்தார். சுமையில் ஏறத்தாழ 0.15 ஆம்பியர் ஓடும்.

மின்மாற்றியை வரைய வேண்டியதில்லை. ஒரு சைன் அலை மூலம் போதும். இங்கே பலர் 12 என்று எழுதிவிடுகிறார்கள். மின்மாற்றியின் மேல் எழுதியிருப்பது ஆர்.எம்.எஸ். மதிப்பு. ஸ்பைஸ் கேட்பது உச்ச மதிப்பு. 12-ஐ 1.414-ஆல் பெருக்கி 17 என்று கொடுக்க வேண்டும். வீட்டு மின்சாரத்தை வரைவதானால் 230 அல்ல, 325.

மாணவர் இதைச் சரியாகவே செய்திருந்தார். வெளியீட்டில் 16 வோல்ட்டுக்குச் சற்று மேலே உச்சம் தொடும் அலை. "நல்லா வந்திருக்கு சார், பலகையில பத்த வைக்கலாமா?" என்றார்.

"100 மில்லிவினாடிக்குள்ள எத்தனை மேடு இருக்குன்னு எண்ணிப் பாருப்பா" என்றேன்.

"அஞ்சு சார்."

பத்து இருந்திருக்க வேண்டும். நம் மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். 100 மில்லிவினாடியில் ஐந்து முழுச் சுழற்சிகள். முழு அலைதிருத்தி ஒவ்வொரு சுழற்சியின் இரு பாதிகளையும் பயன்படுத்துவதால் மேடுகள் பத்து வர வேண்டும். ஐந்து வந்தால் அது அரை அலைதிருத்தியின் படம். நான்கு டையோடுகளை வரைந்துவிட்டு அரை அலைப் படம் வந்திருந்தது. இன்னொரு தடயமும் அதே படத்தில் இருந்தது. பிரிட்ஜில் மின்னோட்டம் எப்போதும் இரண்டு டையோடுகளைக் கடக்கிறது. 17-இல் ஏறத்தாழ ஒன்றரை வோல்ட் இழந்து உச்சம் 15.5 அருகே நிற்க வேண்டும். 16-ஐத் தாண்டியது என்றால் ஒரே ஒரு டையோடுதான் வழியில் இருக்கிறது.

தரை எங்கே?

ஸ்பைஸில் ஒவ்வொரு சுற்றுக்கும் சுழியம் என்ற எண்ணுள்ள தரைக்கணு ஒன்று கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் கணக்கே நடக்காது. மின்னழுத்தம் எல்லாம் அதிலிருந்துதான் அளக்கப்படும். மாணவர் உள்ளீட்டு அலையையும் பார்க்க விரும்பியதால் சைன் மூலத்தின் கீழ் முனைக்கு ஒரு தரைக்குறியும், மின்தேக்கியின் எதிர்முனைக்கு ஒரு தரைக்குறியும் போட்டிருந்தார். தாளில் இரண்டு குறிகள் தனித்தனியாகத் தெரியும்; கணினிக்கு இரண்டும் ஒரே கம்பி. அந்தக் கம்பி பிரிட்ஜின் ஒரு டையோடைக் குறுக்குச்சுற்றாக்கிவிட்டது. விளைவு, ஒரு பாதிச் சுழற்சியில் சுற்று வேலை செய்வதுபோல் தெரியும். மறுபாதியில் மூலத்தின் இரு முனைகளும் ஒற்றை டையோடு வழியாக நேராக இணைகின்றன.

வெளியீட்டு மின்னழுத்தத்தை மட்டும் வரைந்தால் இந்த விபத்து கண்ணில் படாது. மூலத்தின் மின்னோட்டத்தையும் வரைந்தோம். டையோடு மாதிரியில் உள்ள சிறு மின்தடை மட்டுமே தடுப்பதால் கோடு நூற்றுக்கணக்கான ஆம்பியருக்குப் பாய்ந்தது. 1என்4007 தொடர்ந்து தாங்குவது 1 ஆம்பியர். மெய்யான மின்மாற்றியில் கம்பிச்சுருளின் மின்தடை இந்த அளவைக் குறைக்கும். அப்போதும் டையோடு போகும்; ஃபியூஸ் இல்லாவிட்டால் சுருளும் சூடேறிக் கெடும். ஆய்வகத்திலும் இதே தவறு நேர்வதுண்டு. இரண்டு சானல் சி.ஆர்.ஓ.வின் தரைக் கிளிப்புகள் உள்ளே ஒன்றாக இணைந்தவை. ஒன்றை மின்மாற்றியிலும் மற்றொன்றை வெளியீட்டிலும் மாட்டினால் டையோடு போய்விடும்.

திருத்தம் எளிது. தரைக்குறியை மின்தேக்கியின் எதிர்முனையில் மட்டும் வைத்து மூலத்தைத் தனியே விட வேண்டும். உள்ளீட்டு அலையைப் பார்க்க ஈசிமின் பிளாட் நூலகத்தில் இரண்டு முனைகளுள்ள ஓர் உறுப்பு உள்ளது. 'பிளாட் வி2' என்று பெயர். அதை மூலத்தின் இரு முனைகளுக்கும் இணைத்தால் அவற்றின் வேறுபாட்டை வரைந்து தரும். ஒரே முனையுள்ள 'பிளாட் வி1' தரையிலிருந்து அளப்பது. வெளியீட்டுக்கு அது போதும்.

மின்னோட்டத்தைக் கேட்பது

ஸ்பைஸ் கணுக்களின் மின்னழுத்தத்தைக் கேளாமலே கணக்கிடும். மின்னோட்டத்தை வழக்கமாக மின்னழுத்த மூலங்களின் வழியே ஓடுவதாக மட்டும் பட்டியலிடும். வேறோரு கிளையில் வேண்டுமானால் அங்கே சுழிய வோல்ட் மூலம் ஒன்றைத் தொடராகச் செருகுவது மரபு. அம்மீட்டர் வைப்பது போலத்தான். ஈசிமில் 'பிளாட் ஐ2' என்ற உறுப்பு இந்த வேலையைச் செய்கிறது.

குறியீடு பற்றி ஒரு சொல். மூலத்தின் நேர்முனை வழியாக உள்ளே நுழையும் மின்னோட்டமே ஸ்பைஸுக்கு நேர்க்குறி. ஆகவே பேட்டரி சுமைக்கு மின்சாரம் கொடுக்கும்போது அதன் மின்னோட்டம் எதிர்க்குறியுடன் வரும். அது பிழை அல்ல.

கணுக்களுக்குப் பெயரிடும் பழக்கமும் வேண்டும். பெயரிடாவிட்டால் கீகேட் தானே நீண்ட பெயர்களை வைக்கும். படச் சாளரத்தின் பட்டியலில் எது வெளியீடு என்று தேட வேண்டியிருக்கும். பெயர்ப்பட்டி ஒட்டி 'அவுட்' என்று எழுதிவிட்டால் அப்பெயரே பட்டியலில் நிற்கும்.

நேர எல்லையும் இடைவெளியும்

ஈசிமில் சுற்றை என்ஜிஸ்பைஸுக்கு மாற்றும் சாளரத்தில் பகுப்பாய்வின் வகையைத் தேர்வு செய்யும் இடம் இருக்கிறது. நேரத்தைச் சார்ந்த 'டிரான்சியன்ட்' பகுப்பாய்வுக்கு மூன்று கட்டங்கள்: தொடக்கம், இடைவெளி, முடிவு. ஒவ்வொன்றுக்கும் அலகைத் தனியே தேர்வு செய்ய வேண்டும். மில்லிவினாடிக்குப் பதில் வினாடி என்று விட்டுவிட்டால் 100 வினாடிக்குக் கணக்கு ஓடும். பட்டையாக மை பூசியதுபோல் படம் வரும்.

முடிவு நேரத்தை மேடுகளை எண்ணக்கூடிய அளவில் வைப்பது நல்லது. ஐந்து முதல் பத்துச் சுழற்சிகள் போதும். 50 ஹெர்ட்ஸுக்கு 100 மில்லிவினாடி என்பது அதனால்தான். ஒரு சுழற்சிக்கு நூறு புள்ளிகளாவது விழும்படி இடைவெளியை 0.1 அல்லது 0.2 மில்லிவினாடி என்று கொடுக்கலாம். 1 கிலோஹெர்ட்ஸ் ஒலி அலையானால் 10 மைக்ரோவினாடி. தொடக்க நேரத்தைத் தள்ளி வைத்தாலும் கணக்கு சுழியத்திலிருந்துதான் நடக்கும். பதிவு மட்டும் அங்கிருந்து தொடங்கும். சுற்று நிலைபெற்றபின் உள்ள அலையை மட்டும் பார்க்க இது உதவும்.

இடைவெளியில் ஏன் இவ்வளவு கறார் என்று கேட்கலாம். நம் சுற்றில் சுமை எடுப்பது 0.15 ஆம்பியர்தான். ஆனால் மூலத்திலிருந்து மின்சாரம் சீராக வருவதில்லை. மின்தேக்கி சற்று இறங்கியிருக்கும்போது, அலை உச்சத்தை நெருங்கும் மிகச் சிறிய நேரத்தில் ஏறத்தாழ 2 ஆம்பியர் வரை எழும் கூரிய முட்களாக வருகிறது. ஒவ்வொரு முள்ளின் அகலமும் 2 மில்லிவினாடிக்குள்தான். இடைவெளியை அதற்குச் சமமாகவோ பெரிதாகவோ வைத்தால் முள் மொட்டையாகும், அல்லது விடுபடும். அந்தப் படத்தை நம்பி டையோடைத் தேர்வு செய்பவர் பாதி உண்மையை வைத்துத் தேர்வு செய்கிறார்.

செங்குத்து அச்சு

மென்பொருள் செங்குத்து அச்சின் எல்லையைத் தானே தீர்மானிக்கும். கிடைக்கும் எண்களுக்கு ஏற்ப அதை நீட்டும், சுருக்கும். உள்ளீட்டையும் வெளியீட்டையும் ஒரே படத்தில் போட்டால் அச்சு -17 முதல் +17 வரை போகும். வெளியீட்டின் சிற்றலை ஏறக்குறைய நேர்கோடாகத் தெரியும். மாறாக, ரெகுலேட்டருக்குப் பின்னால் உள்ள 12 வோல்ட்டைத் தனியே வரைந்தால் அச்சு சில மில்லிவோல்ட்டுக்குள் சுருங்கி, அமைதியான கோடு வாடைக்காற்றுக் கடல்போலக் கொந்தளிக்கும். கோட்டைப் பார்க்குமுன் அச்சில் உள்ள எண்களைப் படிக்க வேண்டும் என்று வகுப்பில் நான் எத்தனையோ முறை சொன்னதுண்டு. வெப்பநிலை வரைபடத்துக்கும் அது பொருந்தும்.

திருத்திய சுற்றில் வெளியீட்டை மட்டும் வைத்து, அச்சை 13 முதல் 17 வரை குறுக்கினோம். பத்து மேடுகள். உச்சம் 15.5 அருகே, பள்ளம் 14.2 அருகே. சிற்றலை ஒன்றே கால் வோல்ட் அளவு. கையாலும் இதைச் சரிபார்க்கலாம்: மின்னோட்டத்தை, அதிர்வெண்ணின் இருமடங்காலும் மின்தேக்குத்திறனாலும் வகுக்க வேண்டும். 0.15-ஐ 100-ஆலும் 0.001-ஆலும் வகுத்தால் 1.5 வோல்ட். மின்தேக்கி முழு 10 மில்லிவினாடியும் இறங்குவதில்லை என்பதால் படத்தில் சற்றுக் குறைவாக வருகிறது.

இந்தப் பள்ளத்தின் எண்தான் மாணவருக்கு வேண்டியது. 7812 ஒழுங்காக 12 வோல்ட் தர உள்ளீட்டில் ஏறத்தாழ 14.5 வோல்ட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். 14.2 போதாது; ஒவ்வொரு பள்ளத்திலும் வெளியீடு சற்றுத் தளரும், கருவிக்கு 100 ஹெர்ட்ஸ் இரைச்சல் போகும். மின்தேக்கியை 2200 மைக்ரோஃபேரட் ஆக்கியபோது பள்ளம் 14.8 அருகே ஏறியது. மின்மாற்றி சுமையில் சற்று இறங்கும் என்பதால் அவர் கடையில் 3300 வாங்கினார், நான் தடுக்கவில்லை.

அதிர்வெண்ணைக் கிடையச்சாக்குவது

வடிகட்டி, பெருக்கி போன்ற சுற்றுகளுக்கு ஏசி பகுப்பாய்வு வேண்டும். இதில் கிடையச்சு நேரம் அல்ல, அதிர்வெண். 1 ஹெர்ட்ஸ் முதல் 1 மெகாஹெர்ட்ஸ் வரை சாதாரண அளவுகோலில் வரைந்தால் 1 லட்சம் ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதெல்லாம் படத்தின் முதல் பத்தில் ஒரு பங்குக்குள் நசுங்கிவிடும். ஆகவே மடக்கை அளவுகோலும் செங்குத்தில் டெசிபலும் தேர்வு செய்வர். 1 கிலோஓம், 0.1 மைக்ரோஃபேரட் கொண்ட தாழ்நிலை வடிகட்டியில் கோடு 1592 ஹெர்ட்ஸில் 3 டெசிபல் இறங்கியிருந்தால் அமைப்பு சரி.

ஏசி பகுப்பாய்வு சுற்றை நேரியல் சுற்றாகக் கருதுகிறது. ஆகவே 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் பெருக்கி, 1 வோல்ட் உள்ளீட்டுக்கு 200 வோல்ட் தருவதாகப் படம் காட்டும். அது பெருக்கத்தின் அளவே. வெட்டுப்படுவதைப் பார்க்க டிரான்சியன்டுக்குத்தான் திரும்ப வேண்டும். அலைதிருத்திக்கு ஏசி பகுப்பாய்வு பயன்படாது.

மதிப்பை மாற்றியபின்

மின்தேக்கியை 2200 ஆக்கிய அன்று முதலில் படம் அசையவே இல்லை. கீகேடில் எண்ணை மாற்றிவிட்டு நேராக சிமுலேஷன் பொத்தானை அழுத்தியதுதான் காரணம். என்ஜிஸ்பைஸிடம் இருந்தது பழைய பட்டியல். வரைபடத்தைச் சேமித்து, நெட்லிஸ்ட் எனப்படும் இணைப்புப் பட்டியலை மீண்டும் எழுதி, மீண்டும் மாற்றி, அதன்பின் ஓட்ட வேண்டும். கணக்கிட்ட எண்கள் திட்டத்தின் கோப்புறையிலேயே மின்னழுத்தத்துக்கு ஒன்று, மின்னோட்டத்துக்கு ஒன்று என இரண்டு உரைக்கோப்புகளாக விழுகின்றன. அடுத்த முறை ஓட்டும்போது அவற்றின் மேலேயே புதியவை எழுதப்படும். ஒப்பிட்டுப் பார்க்க நினைப்பவர்கள் பழையவற்றை வேறு பெயரில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.