உடைத்து அறியும் உறுதி

நுழையும்முன்

பழுது நேர்ந்தபின் காரணம் தேடுவது உலக வழக்கம். பழுதைத் தாமே திட்டமிட்டு உண்டாக்கி, அதன்வழி அமைப்பின் வலிமையை அளந்தறிவது இன்றைய மென்பொருள் துறையின் வழக்கம்.

இரு வழிகள்

சேலத்திலிருந்து ஏற்காட்டிற்குச் செல்லும் முதன்மை மலைச்சாலை 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்டது. மண்சரிவால் அச்சாலை அடைபடும்போது, குப்பனூர் வழிச் சாலையே சேர்வராயன் மலை மக்களுக்குத் துணையாகிறது. எனினும், மாற்றுவழி இருந்தால் மட்டும் போதாது. முதல் வழியை அடைத்த மழை அதனையும் அடைக்குமா என்பதை முன்னரே ஆராய்தல் வேண்டும். மென்பொருள் அமைப்புகளுக்கும் இது பொருந்தும்.

மறைந்திருக்கும் சார்பு

இணையத்தில் ஒரு பயணச்சீட்டைப் பதிவுசெய்ய, தரவுத்தளம், வங்கிச் சேவை, குறுஞ்செய்திச் சேவை எனப் பல அமைப்புகள் ஒன்றையொன்று சார்ந்து இயங்குகின்றன. ஒன்று நின்றால் மற்றவையும் தடைபடலாம்.

2021 பிப்ரவரி 24 அன்று மும்பையிலுள்ள தேசியப் பங்குச்சந்தையில் முற்பகல் 11.40 மணிக்கு வணிகம் நின்றது. இரண்டு தொலைத்தொடர்பு நிறுவனங்களின் இணைப்புகள் அங்கு இருந்தன. ஒன்று அறுந்தால் மற்றொன்று காக்கும் என்பதே ஏற்பாடு. சாலையில் நடந்த தோண்டும் பணிகளால் இரண்டுமே பாதிக்கப்பட்டன. பிற்பகல் 3.45 மணிவரை முதலீட்டாளர்கள் அச்சந்தையில் வாங்கவோ விற்கவோ இயலாமல் தவித்தனர். எண்ணிக்கையில் இரண்டாக இருந்த பாதுகாப்பு, இடரின்முன் ஒன்றாகவே இருந்தது.

குரங்கின் குறும்பு

அமெரிக்காவின் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் 2008-இல் தரவுத்தளப் பழுதால் மூன்று நாள் குறுந்தகடுகளை அனுப்ப இயலாது திகைத்தது. பின்னர் மேகக் கணினிக்கு மாறியபோது, ‘கேயாஸ் மங்கி’ என்னும் மென்பொருளை அது உருவாக்கியது. கட்டுப்பாடின்றி உலவும் குரங்கினைப்போல, இம்மென்பொருள் இயங்கிக்கொண்டிருக்கும் வழங்கிகளுள் ஏதேனும் ஒன்றைத் திடீரென நிறுத்திவிடும். பொறியாளர்கள் பணியிலிருக்கும் வேளையிலேயே இது நிகழும். ஒன்று வீழ்ந்தாலும் சேவை தொடரும்வகையில் அமைப்பினை வடிவமைக்கப் பொறியாளர்கள் இதனால் தூண்டப்பட்டனர்.

இச்சோதனைக்கு வரன்முறை உண்டு. இயல்பான இயக்கம் எது என முதலில் வரையறுப்பர். இன்ன பழுதால் இன்னது நிகழும் எனக் கருதுகோள் கொள்வர். சிறு பகுதியில் மட்டும் பழுதை உண்டாக்குவர். தீங்கு பெருகுமாயின் உடனே நிறுத்துவர். இவ்வரையறை இல்லையேல் அது சோதனை அன்று, சேதமே.

ஒத்திகையின் பயன்

2024 மார்ச் 2, விடுமுறை நாளான சனிக்கிழமை. தேசியப் பங்குச்சந்தை சிறப்பு வணிகத்தை நடத்தியது. முதற்பகுதி முதன்மை மையத்திலும், அடுத்த பகுதி இடர்மீட்பு மையத்திலும் நடைபெற்றன. மாற்று மையம் உண்மையான வணிகத்தைத் தாங்குமா என்பதை அன்று நேரில் கண்டறிந்தனர்.

பயன்படுத்திப் பார்க்காத மாற்று ஏற்பாடு நம்பிக்கை மட்டுமே; பயன்படுத்தி அறிந்ததே பாதுகாப்பு. மருத்துவமனை, வங்கி, மின்வாரியம் யாவும் மென்பொருளைச் சார்ந்துள்ள இக்காலத்தில், அமைதியான நாளில் அறியும் குறையே இடர்நாளில் மக்களைக் காக்கும்.