தாம்பரம் ரயில் நிலையம்: வரிசையில் நிற்காமல் டிக்கெட் எடுக்கலாம்

காலை எட்டு மணி. தாம்பரம் நிலையத்தில் கவுன்டர் முன்னால் நீண்ட வரிசை. நடைமேடையிலோ வண்டி தயாராக நிற்கிறது. 'டிக்கெட் இல்லாமலே ஏறிடலாமா?' என்று தோன்றும். வேண்டாம்! பரிசோதகரிடம் மாட்டினால், பயணக் கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் அபராதம். ஸ்மார்ட்போன் இருந்தால் அந்த வரிசையே உங்களுக்குத் தேவையில்லை.

கொஞ்சம் வரலாறு

சென்னை கடற்கரை – தாம்பரம் இடையே 1931-ஆம் ஆண்டிலேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. அப்போது அது மீட்டர்கேஜ் பாதை. 1937-இல் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி கிழக்கு தாம்பரத்துக்கு இடம் மாறியது. நகரத்துக்கு வெளியே இருந்த ஊர், மெல்ல மெல்ல நகரத்தோடு சேர்ந்தது. 2004-இல் மீட்டர்கேஜ் மின்ரயில்கள் விடைபெற்றன. இப்போது ஓடுவது எல்லாம் அகல ரயில்பாதை வண்டிகள்.

போனில் டிக்கெட் எடுப்பது எப்படி?

• ரயில்வேயின் 'ரயில் ஒன்' செயலியில் முன்பதிவில்லா டிக்கெட் எடுக்கலாம்.

• பேருந்து, மெட்ரோவும் மாறிப் போகிறீர்களா? 2025-இல் தமிழக அரசு தொடங்கிய 'சென்னை ஒன்று' செயலியில் மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே இடத்தில் டிக்கெட் கிடைக்கும்.

• 'ரயில் ஒன்' செயலியில் எடுப்பவர்கள் வீட்டிலிருந்து கிளம்பும்போதே எடுத்துவிடுங்கள். நடைமேடைக்கு வந்தபின் எடுக்கப் பார்த்தால் செயலி ஏற்காது. மறந்துவிட்டால், நிலையத்தில் ஒட்டியிருக்கும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து எடுக்கலாம்.

இதில் கவனம் தேவை

டிக்கெட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் காட்டினால் செல்லாது. செயலியைத் திறந்துதான் காட்ட வேண்டும். போனில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கடற்கரை – செங்கல்பட்டு தடத்தில் 2025 ஏப்ரல் முதல் ஏசி மின்ரயிலும் ஓடுகிறது. சாதாரண வண்டியில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். ஏசி வண்டியில் 35 ரூபாய். சாதாரண டிக்கெட்டோடு அவசரத்தில் ஏசி வண்டியில் ஏறிவிட்டால் அபராதம் கட்ட வேண்டியிருக்கும். டிக்கெட் எடுக்கும்போதே எந்த வண்டி என்று பார்த்துத் தேர்வு செய்யுங்கள்.

உதவி வேண்டுமா?

பாதுகாப்பு, மருத்துவ உதவி, புகார் எதுவானாலும் 139-ஐ அழையுங்கள்.

கடைசியாக ஒன்று: கிழக்கு தாம்பரத்திலிருந்து மேற்கு தாம்பரம் போக தண்டவாளத்தைத் தாண்டாதீர்கள். நடைமேம்பாலத்தில் ஏறிப் போனால் கூடுதலாக சில நிமிடங்கள்தான் ஆகும். வீட்டில் உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள்!