ரிஜிஸ்டர் எழுதிய கைக்கு ஒரு வேலை

பணி ஓய்வு பெற்ற மறுநாளே யோசனைகள் வந்து குவியும். யோகா போங்கள், மாடித் தோட்டம் போடுங்கள், காசிக்குப் போய் வாருங்கள். சொல்கிறவர்களில் பாதிப்பேர் எதையும் செய்து பார்த்தவர்கள் அல்ல. முப்பது வருடம் கருவூலத்தில் பில் சரிபார்த்தவரைத் திடீரென்று வீணை கற்கச் சொன்னால், மூன்றாம் மாதம் வீணை பரணுக்குப் போய்விடும்.

என் கட்சி வேறு. வேலை கையில் விட்டுச்சென்ற பழக்கத்துக்குத் தீனி தேடுவதுதான் சுலபம். ஐராவதம் மகாதேவன் இந்திய ஆட்சிப் பணியில் இருந்தபோதே சிந்துவெளி எழுத்துகளைத் தொகுத்து 1977-ல் நூலாக்கினார். 1980-ல் விருப்ப ஓய்வு. பழந்தமிழ்க் கல்வெட்டுகள் பற்றிய அவருடைய பெருநூல் 2003-ல், எழுபதைத் தாண்டிய வயதில் வந்தது. குறிகளைப் பிரித்து, எண்ணி, அட்டவணை போட்டது நல்ல கோப்பு அதிகாரியின் கைதானே!

அவ்வளவு உயரம் எல்லோருக்கும் எட்டாது. பறவை எண்ணுவது எட்டும். தேதி, தொடங்கிய நேரம், எத்தனை நிமிடம், எவ்வளவு தூரம் நடந்தோம், எந்தப் பறவை எத்தனை: இ-பேர்ட் செயலி கேட்பது இவ்வளவுதான். ஆயுள் முழுக்க ரிஜிஸ்டர் எழுதியவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2015-லிருந்து பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஓரிடத்தில் பதினைந்து நிமிடம் பார்த்துப் பட்டியல் போட்டால் போதும். மொட்டை மாடியும் ஓரிடம்தான். அபூர்வப் பறவைதான் வேண்டும் என்றில்லை. காகமும் மைனாவும் கூடுகின்றனவா குறைகின்றனவா என்று தெரிய, ஒரே இடத்தை ஒருவர் வருடக்கணக்கில் விடாமல் பார்த்திருக்க வேண்டும். வேலைக்குப் போகிறவர்களிடம் அதற்கு நேரம் ஏது?

பைனாகுலர் வாங்கினால் 8x42 வாங்குங்கள். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும். பத்து மடங்கு கேட்க நன்றாக இருக்கும். ஆனால் கை நடுக்கத்தையும் சேர்த்துப் பெரிதாக்கும். கடைக்காரர் பத்தைத்தான் புகழ்வார், நம்பாதீர்கள். இன்னொன்று, வயதானால் கீச்சென்ற மெல்லிய குரல்கள் முதலில் காதை விட்டுப் போகும். தேன்சிட்டு கத்துவது கேட்கவில்லையே என்று சோர வேண்டாம். பள்ளிக்கூடம் போகும் பேத்தியைக் கூட அழைத்துக்கொண்டால் காது அவளுடையது, கணக்கு உங்களுடையது.

எப்போது தொடங்கலாம்? தமிழக அரசு ஊழியர்களுக்கு 60 வயது நிறையும் மாதத்தின் கடைசி நாள் ஓய்வு. பள்ளியில் சேர்க்கும்போது, வயது சரியாக வரட்டும் என்று ஹெட்மாஸ்டரே மே மாதத்தில் ஒரு தேதியைப் போட்டுவிட்ட தலைமுறை இது. அதனால்தான் மே 31 அன்று அலுவலகம் அலுவலகமாகச் சால்வையும் சந்தன மாலையும். பறவைக் கணக்கிலும் அது நல்ல நாள். வலசை வந்தவை கிளம்பிப் போயிருக்கும். ஜூனில் மிச்சம் இருப்பவை சின்னான், கரிச்சான், செண்பகம், மடையான் என்று உள்ளூர்க்காரர்கள்தான். குழப்பமில்லாமல் முகம் பழகும். காக்கைக் கூட்டருகே குயில் சுற்றுவதையும் பார்க்கலாம். கறுப்பாக இருந்தால் ஆண், உடம்பெல்லாம் புள்ளி என்றால் பெண். இவற்றைப் பழகிவிட்டால், செப்டம்பரில் தகைவிலானும் பழுப்புக் கீச்சானும் வந்து இறங்கும்போது புதுமுகம் எது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.